பூசணிக்கு ஒரு செம்பு, கற்றாழைக்கு ஒரு செம்பு

கோவில்பட்டி
12.8.1957

என் பிரியமுள்ள நேசத்துக்கு,

உன் எபநேசர் எழுதுகிறது. வேறு வாய்வழியாக வந்து சேரும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஆறு மணிக்கு உன் புருஷன் பனியனும் இடுப்பில் சாரமுமாகப் பின்கட்டில் முழங்கால் போட்டுக்கொண்டு, ஒரு பூசணிப் பூவிடம், "கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி, மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை, நம் சபைப் போதகரின் சம்சாரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முழுக்கக் கேட்டுவிட்டார்கள். என் கையில் பள்ளிக்கூடத்துப் படம் வரைகிற தூரிகை வேறு. ஆண்பூவின் தூளைத் தொட்டுப் பெண்பூவில் தடவினால் பிஞ்சு பிடிக்கும், வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும் என்று நீதானே சொல்லிவிட்டுப் போனாய்? அதை அந்த அம்மாளுக்கு விளக்கப் போய், ஆண், பெண் என்ற இடத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் சபையில் பாதிப் பேர் என் புத்திக்காக ஜெபித்தாகிவிட்டது.

இரண்டாவது பாவம் இதைவிடப் பெரிது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது இரண்டே இரண்டு செடியை என்னிடம் ஒப்படைத்தாய். நான் நியாயஸ்தன். பூசணிக்கு ஒரு செம்பு என்றால் கற்றாழைக்கும் ஒரு செம்பு, காலையும் மாலையும். தண்ணீருக்கு அல்லாடுகிற இந்த ஊரில், குளிக்காமல் மிச்சம்பிடித்து ஊற்றினேன். என் வகுப்பு முன்வரிசைப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். போதாததற்கு, ஓட்டைச் சட்டியில் மணலும் செங்கல் பொடியுமாக அது ஏழைபோல நிற்கிறதே என்று இரக்கப்பட்டு, பின்கட்டுக் கரிசலில் மாற்றி நட்டேன். இப்போது அடிமடல் கஞ்சி மாதிரிக் குழைந்து நாறுகிறது. தொட்டால் கையோடு வருகிறது.

பயமாயிருக்கிறது நேசம். செடிக்காக மட்டும் இல்லை. எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள்? நாலு கடிதம் போட்டுவிட்டேன், நீ அதை மட்டும் எழுதவில்லை.

உன்
எபநேசர்


பெண்கள் வார்டு, பாளையங்கோட்டை
17.8.1957

அன்புள்ள அத்தானுக்கு நேசம்மாள் எழுதியது.

நாலு கடிதம் இல்லை, ஒன்பது. பக்கத்துக் கட்டில் மிக்கேலம்மாள், "ஒங்க வீட்டுக்காரவிய தபாலாபீஸ்லயா குடியிருக்காவ?" என்று கேட்கிறாள்.

கற்றாழையை உடனே பிடுங்குங்கள். அழுகினதை அறுத்து எறிந்துவிட்டு, வெட்டுவாய் காய நிழலில் போடுங்கள். அதற்கு வேண்டிய தண்ணீர் அதன் மடலுக்குள்ளேயே இருக்கிறது. மண் நன்றாகக் காய்ந்து, நீங்களும் அதை மறந்து, பிறகு ஒருநாள் ஞாபகம் வந்து ஊற்றினால் போதும். பூசணி அப்படி இல்லை. ஒரு வேளை மறந்தால் இலையைத் தொங்கப்போட்டு ஊரைக் கூட்டும். ஊற்றினால் அரைமணியில் எழுந்து உட்கார்ந்து சிரிக்கும். நம் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். அதற்கு வேரில் மட்டும் ஊற்றுங்கள், இலையில் பட்டால் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். வண்டு வந்தால் அடுப்புச் சாம்பல் தூவுங்கள். பிஞ்சுக்கு அடியில் ஓட்டுச்சில்லு வையுங்கள், கரிசல் ஈரம் அதை அழுகவைத்துவிடும்.

இடது நுரையீரலில் மேல்பாகம் கெட்டிருக்கிறதாம். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை ஆபரேஷன். மூன்று விலா எலும்பை எடுப்பார்களாம். ஆண்டவர் ஆதாமிடமே ஒன்றுதானே எடுத்தார் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளியுங்கள்.

நேசம்


கோவில்பட்டி
2.9.1957

நேசம்,

மூன்று நாள் பேனாவை எடுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நாலாவது நாள் முடியவில்லை.

இதுவரை உனக்கு எழுதாமல் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்றே, செடி பற்றிய பகுதியை மட்டும் அடுத்த வீட்டு வேலுத்தாயிடம் வாசித்தேன். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் பசைக் கையோடு வந்து கற்றாழையைப் பிடுங்கி, அழுகலை அறுத்தாள். அதோடு விட்டாளா? கயிற்றில் கட்டித் தலைகீழாக நம் வாசல் நிலையில் தொங்கவிடப் போனாள். "மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம் அண்ணாச்சி. காத்தக் குடிச்சே கெடக்கும். கண்ணேறும் அண்டாது" என்றாள். நாங்கள் கிறிஸ்தவர்கள், அதிலெல்லாம் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று ஆரம்பித்தேன்.

"அக்கா வீடு வந்து சேரணுமா, வேண்டாமா?" என்றாள்.

அவள் ஏறிக் கட்ட, நாற்காலியை நானே பிடித்துக்கொண்டேன்.

போதகர் வந்தார். நிமிர்ந்து பார்த்தார். வெட்டுவாய் காய்கிறது, நேசத்தின் உத்தரவு என்றேன். பொய் இல்லையே.

பூசணியின் முதல் காயை நம் சபை அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு உன் பெயரால் நேர்ந்திருக்கிறேன். நேர்ந்த மறுநாள் ஒரு பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தது. பிறகு ஒன்று. நேற்று ஒன்று. நாலாவது மட்டும் நிற்கிறது, எலுமிச்சங்காய் அளவு. மத்தியான மணி அடித்ததும் ஓடிவந்து அது இருக்கிறதா என்று பார்க்கிறேன். கிறிஸ்தவன் சகுனம் பார்க்கக்கூடாது. நான் பார்க்கவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை.

பதினெட்டாம் தேதியே அங்கே வந்துவிடுவேன்.

எபநேசர்


பாளையங்கோட்டை
9.9.1957

அத்தான்,

இருமல் விடவில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

இதுவரை எனக்குப் பயம் இல்லை. உங்கள் பிஞ்சுகளைப் படித்த பிறகு வந்துவிட்டது. மூன்று பிஞ்சு, மூன்று எலும்பு என்று புத்தி தானாக முடிச்சுப் போடுகிறது. இனிமேல் பூசணியைப் பற்றி எழுதாதீர்கள். நின்றாலும் வேண்டாம், விழுந்தாலும் வேண்டாம்.

வாசலில் தொங்குவதற்காக நான் கோபிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்த கையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் தேதி வராதீர்கள். வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து நான் சிரித்துக் காட்ட வேண்டும். அன்றைக்கு எனக்கு அந்தத் தெம்பு இருக்காது. கற்றாழைக்குச் செய்ததை எனக்கும் ஒரு நாள் செய்யுங்கள். ஒன்றும் செய்யாதீர்கள்.

நேசம்


கோவில்பட்டி
20.9.1957, வெள்ளி

என் நேசத்துக்கு,

நேற்று நான் வரவில்லை. உன் சொல்லைக் காப்பாற்றினேன். மணியாச்சி வரைக்கும் வந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜங்ஷனில் இறங்கி, வண்டி தெற்கே கிளம்புகிறவரை பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், "கிறுகிறுப்பு வருதா? சோடா வாங்கியாரவா?" என்றார். வண்டி போனதும் எதிர்வண்டியில் திரும்பிவிட்டேன்.

பூசணியைப் பற்றி எழுதவில்லை. கற்றாழையைப் பற்றி எழுதலாம் அல்லவா? தலைகீழாகத் தொங்கியபடியே நடுவில் ஒரு புதுக் குருத்து விட்டிருக்கிறது. கீழ்நோக்கி வந்தது, என்ன நினைத்ததோ, வளைந்து மேலே பார்க்கிறது. ஒரு மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, எதிரே நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் கெட்டது, நான் கையை எடுத்ததும் பிழைத்துக்கொண்டது. முப்பது நாற்பது வருஷம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் என் கையில் சிக்கிய எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

இப்போது எனக்குப் பயம் இல்லை, நேசம். உண்மையாகத்தான் சொல்கிறேன். எழுத்தைப் பார், கோணல் இல்லை. குளித்தேன். இரண்டு தோசை சாப்பிட்டேன். கைக்கு வேலை வேண்டும் என்று உன் டிரங்குப் பெட்டியைத் துடைத்துவைத்தேன். நீ வந்த பிறகு உன் பின்னாலேயே செம்பைத் தூக்கிக்கொண்டு சுற்ற மாட்டேன். கேட்டால்தான் தருவேன். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கக்கூடப் பழகிவிட்டேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். வந்து பார்.

உன்
எபநேசர்

பி.கு. காலை பத்தரைக்கு ஒரு தந்தி வந்தது. இப்போது மணி மூன்று. இன்னும் பிரிக்கவில்லை.