வாத்துகளின் வயிறு தெரியும் கூரை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இத்தனை நாள் போனில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று காகிதத்தில் எழுதியிருக்கிறாரே என்று உறையைப் பிரிக்கும்போதே நினைத்திருப்பாய், கையெழுத்தைப் பார்த்ததும் பாதி புரிந்திருக்கும். பதறாதே, முழுவதும் படித்துவிட்டு அப்புறம் அம்மாவைக் கூப்பிடு. என் வலது கை நடுங்குகிறது. சும்மா வைத்திருந்தால் பேசாமல் இருக்கிறது, பேனா, தூரிகை, டம்ளர் என்று எதற்காவது தூக்கினால்தான் ஆட்டம். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இது உயிருக்கு ஆபத்தானதில்லை, ஆனால் முழுக்கப் போகவும் போகாது, மாத்திரையில் கொஞ்சம் அடங்கும் என்றார். அவரிடம் இழுத்துக்கொண்டு போனது அம்மாதான். நான் வெளியே போனால் கையைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன், அவளோ சொல்லாமல் கொள்ளாமல் எனக்கு மட்டும் அரை டம்ளர் டீ ஊற்ற ஆரம்பித்திருந்தாள், சிந்தாமல் இருக்கட்டும் என்று. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கை ஆடினா ஆடிட்டுப் போகுது, உங்க வாய் ஆடாம இருக்கே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். உண்மைதான், வரைகிறவனுக்குக் கை போனால் மிச்சம் என்ன என்ற நினைப்பில் பேச்சே வற்றிப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இந்தக் குழந்தைகள் கடை வேலை வந்தது. பஜாரில் வளைவு தாண்டி ஒரு மெத்தைக் கடை இருந்ததே, அதைக் காலி செய்துவிட்டார்கள். அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உடுப்பு, செருப்பு, பொம்மை எல்லாம் விற்க ஒரு அம்மா கடை போடுகிறார், பெயர் 'குட்டிக் குளம்'. பெயர்ப்பலகையிலிருந்து சாமான் போட்டுத் தரும் பை வரைக்கும், சுவர், அலமாரி, விளக்கு உட்பட எல்லாம் நானே பார்த்துத் தரவேண்டும் என்றார். முதல்நாள் காலையில் தனியாக உள்ளே போய் நின்றேன். மெத்தைக்காரர் விட்டுப்போன பஞ்சு மூலையெல்லாம் கிடந்தது, கதவைத் திறந்த காற்றில் அது மெல்ல எழும்பி, கண்ணாடி வழியாக வந்த வெயிலுக்குள் மிதந்தது. எதுவும் கீழே விழ அவசரப்படவில்லை. தெருச் சத்தமும் எங்கோ மேலே கேட்கிற மாதிரி இருந்தது. நான் தண்ணீருக்கு அடியில் நிற்கிறேன் என்று தோன்றிவிட்டது பாப்பா. அண்ணாந்து பார்த்தேன். மேலே வாத்துகள் நீந்தினால் இங்கிருந்து வயிறும் ஆரஞ்சு நிறப் பாதமும்தானே தெரியும் என்று நினைத்தேன், அதற்குப் பிறகு வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்றே ஞாபகம் இல்லை.

ஆனால் வரைய உட்கார்ந்தால் கோடு புழு மாதிரி நெளிந்தது. நாலைந்து தாளைக் கெடுத்தேன், பிறகு ஸ்கேலும் காம்பஸும் வைத்து ஒரு வாத்து, ஒரு வட்டம், நறுக்குத் தெறித்த மாதிரி எழுத்து என்று செய்து கொண்டுபோனேன். அந்த அம்மா பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்கு சார், பேங்க்ல வச்சா எடுப்பா இருக்கும்" என்றார். மனசு ஒடிந்துபோயிற்று. மறுபடி முயன்றேன், மறுபடி பேங்க். கடைசியில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட முடிவு செய்து, வரைந்ததையெல்லாம் சுருட்டி, அழுக்காகாமல் இருக்க மேலே நான் முதலில் கெடுத்த தாள் ஒன்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் சுருளைப் பிரித்தவர் உள்ளே இருந்ததைப் பார்க்கவே இல்லை, அந்த மேல்தாளையே கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். கை ஓடவிட்டுக் கெட்டுப்போன வாத்து அது. "சார், தண்ணி அசையுற மாதிரியே இருக்கே, இந்தக் கோட்டை எப்படிப் போட்டீங்க? பலகையில இதே மாதிரி போட்டுடுங்க" என்றார். நான் கையைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினேன். போடவில்லை அம்மா, இது தானாக வருவது, இன்னொரு தடவை வரைந்தால் இன்னொரு மாதிரிதான் வரும் என்றேன். நம் தொழிலில் ஒரு கடையின் சின்னம் எங்கே அச்சானாலும் மயிரிழை பிசகக் கூடாது, அதைத்தான் நான் காலமெல்லாம் எல்லோருக்கும், தொழில் பழகிய உனக்கும், சொல்லி வந்திருக்கிறேன். அந்த அம்மா என் கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், "அப்போ ஒவ்வொரு பையிலயும் ஒவ்வொரு வாத்து இருக்கட்டுமே சார், எந்தக் குளத்துல எல்லா வாத்தும் ஒரே மாதிரி இருக்கு?" என்றார். பரிதாபப்பட்டுச் சொன்ன மாதிரி இல்லை, கறாரான வியாபாரி அவர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அன்றைக்கு டீ டம்ளர் நிறைய வந்தது, சிந்தியதை அவளே துடைத்தாள்.

அப்புறம் வேலை கனவில் நடப்பதுபோல நடந்தது. சுவருக்கு மேலே வெளிர்ப் பச்சை, கீழே இறங்க இறங்க அடர்பச்சை. செருப்புப் போட்டுப் பார்க்கிற இடம் குளத்துப் படிக்கட்டு மாதிரி, பிள்ளைகள் ஏறி இறங்கிக்கொண்டே போட்டுப் பார்க்கலாம். கல்லாவில் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்தச் சொன்னேன், வாண்டுகளே பொம்மையை நீட்டிக் கொடுக்கட்டும் என்று. தச்சர், "இதுக்கு மேல தாழ்த்தினா நான் பள்ளம்தான் சார் தோண்டணும்" என்று சலித்துக்கொண்டே செய்தார். சாரத்தில் மல்லாந்து படுத்து, நீளக் குச்சியில் கரி கட்டிக் கூரையில் வாத்துகளை நான் வரைய, பெயிண்டர் வண்ணம் தீட்டினார். அவரை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவ்வளவு உயரம். நான் போட்ட கோட்டை எங்கேயும் அவர் திருத்தவில்லை.

போன வாரம் கடை திறந்தாயிற்று. முதலில் உள்ளே வந்த பெண்குழந்தை இரண்டு அடி வைத்தது, மேலே பார்த்தது, அப்படியே தரையில் மல்லாந்துவிட்டது. அதன் அம்மா அதட்டி எழுப்புவதற்குள் இன்னும் மூன்று பிள்ளைகள் படுத்துவிட்டன. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, இஸ்திரி போட்ட உடுப்போடு தானும் போய்ப் படுத்து, "வாங்க, இங்கேயிருந்து பார்த்தாத்தான் தெரியுது" என்று என்னையும் இழுத்துப் போட்டாள். அந்தப் பெண்குழந்தை எனக்குப் பக்கத்தில் இருந்தது. அதோ பார், அந்த வாத்துக்கு ஒரு கால் சின்னது என்று காட்டக் கையைத் தூக்கினேன், விரல் வழக்கம்போல ஆடியது. குழந்தை என் விரலையே உற்றுப் பார்த்தது. பிறகு தன் குட்டி விரலைத் தூக்கி, என்னைப் போலவே ஆட்டி ஆட்டி, "அதோ" என்றது. தண்ணீருக்குள் இருந்தால் அப்படித்தான் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. அடுத்து இருந்ததும் அப்படியே செய்தது, அதற்கு அடுத்ததும். கொஞ்ச நேரத்தில் கடை முழுக்கக் கைகள் மேலே நீண்டு, நாணல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறேன் என்று நிற்காதே, லீவு கிடைக்கும்போது இருவரும் சேர்ந்து வாருங்கள், போதும். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் மனம் நிறைந்து வாழ வேண்டும். பைகளில் அச்சடிக்க இருபது வாத்துகள் இந்த உறையிலேயே இருக்கின்றன, உன் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பு. பழக்கதோஷத்தில் ஒரு கோட்டையும் நேராக்கிவிடாதே.

என்றும் உன் நினைவில்,
அப்பா