அவர் திகதி எழுதிவைத்த பிளாஸ்டர்கள்

14.10.2024, திங்கள்

பத்து நாளுக்குப் பிறகு இன்று வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒரு மாடி துடைத்து முடியவே இடுப்பும் நாரியும் விட்டுப்போச்சு. வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர ஏலாது.

வீட்டுக்கு வந்து இவருடைய மருந்துத் தட்டை ஒதுக்கினேன். வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒரு பெட்டி அப்படியே இருக்கிறது. பத்துப் பாக்கெட், ஒவ்வொன்றிலும் இவருடைய கையெழுத்தில் திகதி. 5.10, 8.10, 11.10 என்று போய் கடைசி 1.11. மூன்று நாளுக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும். பெட்டி வந்த அன்றே மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுதிப்போடுவார். பால் வாங்கப் போனாலும் பின்வரிசைக்குள் கைவிட்டு, திகதி பார்த்து எடுக்கிற மனுசன்.

நாலாம் திகதி போய்விட்டார். முதல் பாக்கெட்டுக்கு ஒரு நாள் முந்தி.

இன்றைய திகதி போட்டதை எடுத்து என் நாரியில் ஒட்டிக்கொண்டேன். நோவுக்காகத்தான். நோவுக்காக மட்டுமா? தெரியவில்லை.

17.10, வியாழன்

நோ போன இடம் தெரியவில்லை. தலைதான் சுத்துது. ட்ராமில் நித்திரையாகி, கடைசித் தரிப்பிடத்தில் சாரதி வந்து எழுப்பினான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதிலும் இப்படித்தான். நானும் இவரும் ட்ராம் மாறி ஏறி, பனிக்குள் எங்கோ இறங்கி நின்றோம். நான் அழுதேன். "நாடே மாறி வந்திட்டம், ட்ராம் மாறினால் என்னப்பா?" என்று சிரித்தார். அன்றைக்குத்தான் முதன்முதல் நடுத்தெருவில் என் கையைப் பிடித்தார். இருபத்தேழு வயது அவருக்கு.

இன்றைய திகதியை ஒட்டிவிட்டேன்.

18.10, வெள்ளி

ஒரே சத்தி. குடித்த தண்ணியும் வெளியே வந்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

20.10, ஞாயிறு

பக்கத்துக் கட்டிடத்துப் பாலாம்பிகை அக்கா சாப்பாடு கொண்டுவந்தா. போகும்போது மெல்லக் கேட்டா: "மனுசன்ர பிளாஸ்டர் மிச்சம் கிடந்தால் எனக்கும் ஒண்டு தாவனடி. முழங்கால் உயிர் போகுது."

எங்கள் ஆக்களுக்குள் இது புதிது இல்லை. ஒருத்திக்குச் சுகம் கொடுத்த மருந்துக் குளிசை அடுத்த கிழமை நாலு வீட்டில் இருக்கும். நானும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன்! இதைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. மருந்து என்று இல்லை. அவருடைய எழுத்தெல்லோ. "எல்லாம் முடிஞ்சுது அக்கா" என்று பொய் சொன்னேன்.

பின்னேரம் குளிர். புதிது ஒன்றை ஒட்டி, அதற்கு மேல் சுடுதண்ணிப் பையும் வைத்துக் கட்டிலில் சரியப் போகிறேன்.

22.10, செவ்வாய்

ஆசுப்பத்திரியில் இருந்து எழுதுகிறேன்.

ஞாயிறு மாலை மகள் சுஜானி தன்னிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்து வந்திருக்கிறாள். தட்டினாளாம், கிள்ளினாளாம், நான் எழும்பவில்லையாம். மூச்சு நிண்டு நிண்டு வந்ததாம். பிளாஸ்டரைக் கண்டு உரித்து எறிந்துவிட்டு அம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறாள். சூடு பட்டால் மருந்து அளவுக்கு மிஞ்சி உடம்புக்குள் இறங்குமாம். எனக்கு எப்படித் தெரியும்?

"இது மோர்பின் மாதிரி மருந்தம்மா! அப்பாவுக்கு மாசக்கணக்காக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினவை! உங்கட உடம்புக்கு நஞ்சு! அப்பாவும் இல்லை, நீங்களும் இல்லையெண்டால் நான் ஆரிட்டைப் போறது?"

பிள்ளை கத்தினாள். பாலாம்பிகை அக்காவுக்கு எழுபத்தாறு வயது. தனிய இருக்கிற மனுசி. கேட்டபோது ஒன்று கொடுத்திருந்தால்?

இன்று காலை இளம் டொக்டர் ஒருவர் வந்தார். "நாரி நோ பூச்சியத்திலிருந்து பத்து வரை எத்தனை?" என்று கேட்டார். "மூண்டு" என்றேன். சுஜானி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா மாதிரியே," என்றாள்.

ஓம். அவரும் எப்போதும் மூண்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரை விட்டு இறங்குவார், டொக்டருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு மூண்டு என்பார். ஏன் என்று நான் கேட்டால், "டொக்டர் நல்ல மனுசியப்பா, அவவை ஏன் கஷ்டப்படுத்த வேணும்?" என்பார். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும் அது ஒன்பது என்று. ஏன் வாய் திறக்கவில்லை நான்? கடைசியில் சுஜானிதான் போய்ச் சொன்னாள். பிறகுதான் இந்தப் பிளாஸ்டர். ஒட்டி ரெண்டாம் நாள் புட்டும் முட்டைப்பொரியலும் கேட்டுச் சாப்பிட்டார். அந்த நாலு மாதச் சிரிப்பை இந்தப் பிளாஸ்டர்தான் தந்தது. இதை நஞ்சு என்று எப்படிச் சொல்வேன்?

டொக்டர் இன்னும் நின்றார். "எட்டு" என்றேன்.

25.10, வெள்ளி

இனி எனக்கு ஒரு மருந்தும் தரமாட்டினம், போதைக்காரி எண்டு எழுதிப்போடுவினம் என்று பயந்துகொண்டுதான் எங்கள் குடும்ப டொக்டரிடம் போனேன். அவ ஏசவில்லை. நாரியைத் தடவி, குனியச் சொல்லி, எக்ஸ்ரே படம் எடுக்க எழுதித் தந்தா. மூன்று வருசமாகப் போகிறேன், இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. எப்போதும் மூண்டு என்று சொன்னவளை ஏன் பார்க்கப் போறா?

வேறு குளிசை. ஒரு கிழமைக்கு மட்டும். தசைப் பயிற்சிக்குப் போக டெர்மின், நாளும் நேரமும் குறித்துத் தந்தா. வாளி தூக்க ஏலாது என்று வேலைக்கும் கடிதம். பிளாஸ்டர் ஒன்றுகூட வீட்டில் இருக்கக்கூடாதாம்.

30.10, புதன்

மிச்சம் ஏழையும் மருந்துக்கடையில் கொடுத்தேன். கொடுத்த கையை எடுக்க முடியவில்லை. கடைக்காரப் பெண் திகதிகளைப் பார்த்தாள். "உங்கள் கணவருடைய எழுத்தா?" என்றாள். தலையாட்டினேன். கத்தரிக்கோல் எடுத்து, கடைசிப் பாக்கெட்டில் மருந்துப் பக்கம் படாமல் திகதி எழுதின ஓரத்தை மட்டும் வெட்டித் தந்தாள்.

1.11, வெள்ளி

அவர் எழுதிய கடைசித் திகதி. இன்று விடுமுறை, தெருவில் சத்தம் இல்லை. வெட்டிய துண்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். 1 என்ற இலக்கத்தை எழுதும்போது மேலே ஒரு சின்னக் கொக்கி போடுவார்.

சுஜானி போனில் கூப்பிட்டாள். தினமும் காலையில் இதே கேள்விதான்.

"இண்டைக்கு நோ எத்தினையம்மா?"

"அஞ்சு."

"அப்பாவின்ர அஞ்சோ?"

"இல்லையடி," என்றேன். "என்ர அஞ்சு."