பாய்க்குள் பொன்னுமணி

சிலமலை,
21-8-1984.

அன்புள்ள மச்சானுக்கு, இருளம்மாள் எழுதிக்கொண்டது. மலையில் மழை விடவில்லையாம். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மாமாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. அதைத் தவிர நல்லதாக எழுத ஒன்றும் இல்லை.

நம் பொன்னுமணிக்கு இருப்பது ஆட்டிசம் என்று மதுரை டாக்டரம்மா சொன்னதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். மருந்து கிடையாதாம். ஊஞ்சலில் ஆட்டு, கம்புத் தானியக் குவியலில் கையை அளைய விடு, முகம் வெளியே தெரியப் பாயில் சுருட்டி மெதுவாக அழுத்தி உருட்டு என்றார். நம்பிக்கை இல்லாமல்தான் ஆரம்பித்தேன். கை பட்டாலே வீறிடுகிறவள் பாய்க்குள் போனதும் அடங்கிவிட்டாள். பிறகு அவளே பாயை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் படுப்பாள். பிறந்ததிலிருந்து என்னிடம் அவள் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

போன வாரம் திங்கட்கிழமை மாமா வயலிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். நான் அவளைப் பாயில் உருட்டுவதைப் பார்த்ததும் ஓடிவந்து பாயைப் பிரித்துப் பிள்ளையை வெளியே எடுத்தார். காய்ச்சலில் போன நம் மூத்தவனைப் பாயில் சுருட்டித் தோளில் தூக்கிப்போன தாத்தா அவர்தானே. எனக்கு அது ஏன் தோன்றாமல் போனதோ. “உசுரோட இருக்கிற பிள்ளைய ஏன் ஆத்தா பாயில சுருட்டுற?” என்று கேட்டுவிட்டு, பாயைக் கொல்லையில் போட்டு எரித்தார். எரிக்கும்போது அழுதார்.

டாக்டரம்மா சொன்னதென்று எவ்வளவோ சொன்னேன். பேய்தான் பிள்ளையை ஆட்டுகிறது, நானும் அதற்குத் துணை போகிறேன் என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அவளைப் பேய் ஓட்டுகிற கோயிலில் கொண்டுபோய் விடப்போகிறாராம். அங்கே காலில் சங்கிலி போட்டுத்தான் வைப்பார்களாம். குருவம்மாள் சித்தி சொன்னார்.

பொன்னுமணி பாய் கிடந்த இடத்தில் தினமும் போய்ப் படுக்கிறாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். சேலையில் சுற்றிப் பார்த்தேன். உதறிவிட்டுச் சுவரில் முட்டுகிறாள். நெற்றி புண்ணாகிவிட்டது. எனக்கும் தெம்பு போய்விட்டது, மச்சான்.

ஏலக்காய் எடுக்கிற நேரம், முதலாளி விடமாட்டார் என்று எழுதாதீர்கள். பால்பாண்டி அண்ணன் ஜீப்பில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அதே ஜீப்பில் இறங்கி வந்துவிடுங்கள். போடியில் ஒரு கோரைப்பாய் வாங்கிக்கொள்ளுங்கள். நான் செய்தால் மாமா விடமாட்டார். அவர் கண் முன்னால் நீங்கள்தான் செய்யவேண்டும். கத்துவாள் என்று பயந்து நீங்கள் அவளைத் தொட்டே வருஷக்கணக்காகிறது. பாய்க்குள் இருந்தால் உங்கள் கை பட்டாலும் கத்தமாட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் உங்களைக் கண்ணில் காட்டும்படி குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்,
இருளம்மாள்.