எர்த் முனை இல்லாத பிளக்

மகனுக்கு,

உன் மகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாலு பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப்பையைக்கூட இறக்காமல், சப்வூஃபர் பெட்டியின் பின்னால் கைவிட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறவள்.

இன்று காலை அந்தப் பின்புறத் தகட்டை ஈரத்துணியால் துடைத்தேன். முழங்கை வரை சுரீரென்று கரண்ட் இழுத்தது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால், எர்த் முனை அறுக்கப்பட்டிருந்தது.

பெட்டி 'ம்ம்ம்' என்று இரைகிறது, மகர ஒற்று ஓயாமல் நீள்கிறது என்று ஒரு வாரம் உன்னை நச்சரித்தவன் நான்தான். ஞாயிறன்று நீ, "உங்க 'ம்' போயிடுச்சுப்பா, இனிமே இலக்கணம் எடுக்காதீங்க" என்றாய். எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை; இன்று அந்தப் பிளக்கைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

எலக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை. நேரில் போய் அழைத்து வருகிறேன். பெட்டியை என் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வாலு அழுதாலும் சாவியைத் தேடாதே. அது என்னிடம் இருக்கிறது.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை. பயம்தான்.

அப்பா

பி.கு.: எர்த்துடன் புதுப் பிளக் மாட்டினால் மறுபடியும் இரையலாம். இரையட்டும். அதைப் பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன்.