யார் வாரத்தில் நனைந்தது

ஹேய்விக்,
அக்டோபர் 24

அன்பு மகன் ஐவின்டுக்கு,

இங்கே நானும் என் இடது முழங்காலும் ஒருவாறு ஒத்துப்போய் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே சிலியில் நீயும் உன் பண்ணை மீன்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. போனில் பேசினால் “ம்”, “சரிம்மா” இந்த இரண்டைத் தவிர உன்னிடமிருந்து வேறொன்றும் வராது, எனக்கோ இந்த வாரம் தொண்டை வரைக்கும் கசப்பு நிற்கிறது, அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். மழை விட்டு நாற்பது நாளாகிறது என்று சொல்ல ஆசை, ஆனால் பிடித்து நாற்பது நாளாகிறது. உன் அப்பாவைக் கடையில் பார்த்தேன், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு “உனக்கு இவ்ளோ நரை எப்ப வந்துச்சு ஸோல்ஃப்ரிட்” என்று கேட்டார். பிரிந்து இருபத்தோரு வருஷம் கழித்துத்தான் அந்த மனுஷன் என் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார். நான் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளி நூலகத்தில் வேலை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்று ஊரில் எல்லோருக்கும் நினைப்பு. அவர்களை ஒரு செவ்வாய்க்கிழமை என் மேஜையில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். செவ்வாய் நான்காம் வகுப்பின் நாள். ரொட்டி டப்பாவை மூடின கையோடு, கையைக் கழுவாமல், வரிசையாக வருவார்கள். துணிப்பையில் இருக்கிற பழைய இரண்டைக் கொடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு எடுத்துப் போகலாம், மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். முதல் வகுப்பில் சேர்க்கும்போதே பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள், வீட்டில் புத்தகத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று. அந்தப் பொறுப்பின் லட்சணத்தைக் கேள். போன மாதம் ஒரு புத்தகத்தில் பக்க அடையாளத்துக்குப் பழுப்புச் சீஸ் துண்டு ஒன்றை ஒரு பிள்ளை வைத்திருந்தது, வியர்த்து வழிந்து அதில் முடி வேறு ஒட்டியிருந்தது. இன்னொன்றில் முப்பதாம் பக்கத்தையும் முப்பத்தொன்றாம் பக்கத்தையும் ரொட்டியில் தடவுகிற ஈரல் பசை ஒட்டிவைத்திருந்தது. டைனோசர் புத்தகத்தில் மூக்குச்சளி, அதுவும் ஒன்றல்ல, ஓரத்தில் வரிசையாக, யாரோ சேகரித்து வைத்த மாதிரி. கையுறை போட்டுக்கொண்டு ஸ்பிரிட்டால் துடைக்கிறேன், துடைத்த பிறகு மத்தியானச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், இதெல்லாம் பிள்ளைகள் செய்கிற அசிங்கம், துடைத்தால் போய்விடுகிறது. பெரியவர்கள் செய்கிற அசிங்கத்தைத்தான் எதைப் போட்டுத் துடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் உனக்கு எழுத வந்தேன்.

நான்காம் வகுப்பில் வில்டே என்று ஒரு பெண் இருக்கிறாள், ஒன்பது வயது, முன்பல் இரண்டும் பெரிசு, எதைப் படித்தாலும் உதடு அசையப் படிப்பாள். அவள் அப்பா ஸ்டோலே, படகுத் துறையில் வெல்டிங் வேலை. அம்மா ரெனாத்தே, முடி வெட்டுகிறவள், உனக்கு ஒரு வகுப்பு மூத்தவள், ஞாபகம் இருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரிந்துவிட்டார்கள். இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி ஒரு வாரம் அப்பா வீடு, ஒரு வாரம் அம்மா வீடு. திங்கட்கிழமை ஒரு வீட்டிலிருந்து பள்ளிக்கு வருவாள், சாயங்காலம் இன்னொரு வீட்டுக்குப் போவாள், அப்படிச் செய்தால் இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை பார். ஆகஸ்டில் பள்ளி திறந்த புதிதில் அவள் என் மேஜைக்கு வந்து, பனிக்கடலில் மாட்டிக்கொண்ட கப்பலையும் ஒரு நாயையும் பற்றி எட்டு பாகமாக ஒரு கதை இருக்கிறது, அதன் முதல் பாகத்தில் இரண்டு பிரதி வேண்டும் என்றாள். ஒரே புத்தகம் இரண்டு. நான் சிரித்துவிட்டேன். “எதுக்குடி, ஒரு கண்ணுக்கு ஒண்ணா” என்று கேட்டேன். பின்னால் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் காது சிவந்துபோய், “இல்ல, சும்மாதான்” என்றாள். ஒரு பிள்ளைக்கு ஒரு தலைப்பில் ஒரு பிரதிதான், அதுதான் விதி என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். ஏன் கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

முதல் பாகமும் இரண்டாம் பாகமும் ஒழுங்காகத் திரும்பி வந்தன, கொஞ்சம் மணல் கொட்டியது, அவ்வளவுதான். மூன்றாம் பாகம் செப்டம்பர் கடைசியில் வந்தது. அதை எப்படிச் சொல்ல, பையிலிருந்து அவள் எடுக்கும்போதே நாற்றம் முன்னால் வந்துவிட்டது. ஊறி இரண்டு மடங்கு தடிப்பாகி, அட்டையில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை, நடுவில் திறந்தால் ஓடில்லாத நத்தை ஒன்று, நம் தோட்டத்தில் வருமே அந்தப் பழுப்புப் பிசாசு, என் கட்டைவிரல் நீளம், உயிரோடு, கதையைத் தின்றுகொண்டு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வில்டே அழவில்லை, “முடிக்கல, இன்னும் நாப்பது பக்கம் இருக்கு, நாய் தண்ணில விழுந்துடுச்சு, அது செத்துடுமா” என்றுதான் கேட்டாள். சொன்னால் அப்புறம் படிப்பதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இன்னொரு பிரதி அலமாரியில் சுத்தமாக நிற்கிறது, ஆனால் கெட்டுப்போன புத்தகத்துக்குப் பெற்றோரில் ஒருவர் வந்து சேதத் தாளில் கையெழுத்துப் போடும்வரை அந்தப் பிள்ளை பெயரில் கம்ப்யூட்டர் எதையும் கொடுக்க விடாது, பெயர் சிவப்பாகிவிடும். அதனால் வழக்கம்போல இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினேன். கால்மணி நேரத்தில் ரெனாத்தேயிடமிருந்து பதில்: “என் வீட்டில் ஈரம் கிடையாது. அவர் வீட்டுக் கீழறையில்தான் பூஞ்சை. அவரிடம் கேளுங்கள்.” சாயங்காலம் ஸ்டோலே: “அது என் வாரம் இல்லை.” அவ்வளவுதான், ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

மூன்று வாரம், ஐவின்ட். நடுவில் இலையுதிர் விடுமுறையும் வந்து போனது. ஒரு கையெழுத்துக்கு மூன்று வாரம். செவ்வாய்க்கிழமை மற்றப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, வில்டே ஜன்னல் ஓரத்தில் காலியான துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு இதற்குள் பதினேழு செய்தி வந்துவிட்டது, பதினேழும் யார் வீட்டில் எந்த ஜன்னல் எப்போது திறந்திருந்தது என்பதைப் பற்றி. ரெனாத்தே தன் வீட்டுச் சுவரின் படத்தையே எடுத்து அனுப்பியிருந்தாள், காய்ந்த சுவர், நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. கையெழுத்துப் போட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம், பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தூக்கிக் காட்டுவாராம். படிக்கப் படிக்க எனக்குக் கையே பிசுபிசுத்தது. நான் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை, விதி விதி என்று நானும் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன், என் கைக்கெட்டும் தூரத்தில் அந்த இன்னொரு பிரதி இருந்தது.

போன வியாழன் சாயங்காலம் வரச்சொல்லி இரண்டு பேருக்கும் தனித்தனி நேரம் கொடுத்திருந்தேன். ஸ்டோலே அரைமணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டான், ரெனாத்தேயும் அவன் முந்திக்கொள்வான் என்று முன்னாலேயே வந்துவிட்டாள், நடுவில் வில்டே, தலையில் மழைக்குல்லாயோடு. குட்டி நாற்காலிகளில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார்கள். புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு மேஜைமேல் வைத்தேன், இரண்டு பேருமே அதைத் தொடவில்லை. ரெனாத்தே தொடங்கினாள், “உன் வீட்டு நாத்தம் அப்படியே அடிக்குது பாரு” என்று. “உன் மழைத்தொட்டிக்குப் பக்கத்துல போட்டிருப்பா, அங்கதான் நத்தை மேயுது” என்றான் அவன். “நத்தைக்குக்கூட உன் வீடுதான் புடிக்கும், அங்கதானே யாரும் கூட்ட மாட்டாங்க.” இப்படியே போயிற்று, பிள்ளை நடுவில் இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல், ஒரு வெட்கம் இல்லாமல். நான் மேஜையைத் தட்டி, யாராவது ஒருத்தர் கையெழுத்தைப் போட்டுத் தொலையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வில்டே சொல்லிவிட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். “ரெண்டு வீட்லயும் இல்ல. பஸ் நிக்குற இடத்துல மணல் பெட்டி இருக்குல்ல, அதுல வெச்சிருந்தேன்.”

உனக்குத் தெரியும் அந்தப் பெட்டி, பாதை பிரிகிற இடத்தில், பனி உறைந்தால் சாலையில் தூவ மணல் போட்டு வைத்திருப்பார்களே, அந்த மஞ்சள் பெட்டி. மேலே ஏறினால் அப்பா வீடு, கீழே இறங்கினால் அம்மா வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் படிப்பாளாம், அப்புறம் மூடியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு எந்த வீட்டு வாரமோ அந்த வீட்டுக்குப் போவாளாம். ஏன் என்று நான் கேட்டேன். “போன வருஷம் ஒரு புக் அம்மா வீட்ல இருந்துடுச்சு, அது அப்பா வாரம். யாரு எடுத்துட்டு வர்றதுன்னு ரெண்டு பேரும் போன்ல கத்தினாங்க. இதுன்னா யாரும் யாரையும் கேக்க வேணாம். மூடி உடைஞ்சிருந்தது எனக்குத் தெரியாது, சாரி ஸோல்ஃப்ரிட்” என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், கேட்டாயா. நான் அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். ஏதாவது ஒன்று உடையும், ஒருவராவது எழுந்து வந்து பிள்ளையைத் தொடுவார்கள் என்று நினைத்தேன். ஸ்டோலே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான், நாள்காட்டியைத் திறந்தான், “மழை புடிச்சது செப்டம்பர் பதினாலாம் தேதி. அது யாரோட வாரம்” என்றான். ரெனாத்தேயும் தன் போனை எடுத்துப் பார்த்தாள்.

இதோடு ஒப்பிட்டால் நத்தையைப் பார்த்தபோது வந்த குமட்டல் ஒன்றுமே இல்லை, ஐவின்ட். ஸ்டோலேயைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்தச் சேதத் தாளை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “கெளம்புங்க, ரெண்டு பேரும், வில்டே பத்து நிமிஷம் கழிச்சு வருவா” என்றேன். போய்விட்டார்கள், வாசலில்கூடத் தனித்தனியாகத்தான் நின்றார்கள். அந்த இன்னொரு பிரதியை என் பெயரில் எழுதிக்கொண்டு அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “இத எங்க வைக்கட்டும்” என்று கேட்டாள். இப்போது என் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாள், மணியடிக்கும்வரை என் எதிரே உட்கார்ந்து படிக்கிறாள், நாய் பிழைத்துவிட்டது, இப்போது நான்காம் பாகம் ஓடுகிறது. திங்கட்கிழமை பெற்றோர் குழுக் கூட்டத்தில் இந்த விஷயம் எப்படியோ வந்தது, காபியும் வாஃபிளுமாக ஒன்றரை மணி நேரம் பேசி அவர்கள் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா, புத்தகம் எடுக்கும்போது நிரப்புகிற கடன் தாளில் புதிதாக ஒரு கட்டம் சேர்ப்பது, “புத்தகம் தற்போது எந்த வீட்டில் உள்ளது” என்று. எல்லோரும் கை தூக்கினார்கள். தலைமையாசிரியை நல்ல யோசனை என்றார். அந்தக் கட்டத்தை நான் அச்சடிக்க மாட்டேன், வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வாஃபிளைத் தொடாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அவர்களைத் திட்டிக்கொண்டேதான் உருளைக்கிழங்கு உரித்தேன். பாதி உரிக்கும்போது கை நின்றுவிட்டது. உனக்குப் பத்து வயது, நானும் உன் அப்பாவும் பிரிந்த முதல் வசந்தம், திமிங்கிலம் பற்றிய நூலகப் புத்தகம் ஒன்று திரும்பி வரவில்லை என்று உன் ஆசிரியர் சீட்டு அனுப்பியிருந்தார். அதன் பின்பக்கத்தில் நான் அழகான கையெழுத்தில் எழுதினேன், “அது அவன் அப்பாவின் வாரத்தில் தொலைந்தது. அவரிடம் கேளுங்கள்” என்று. கவரில்கூடப் போடவில்லை. இரண்டாக மடித்து உன் கையிலேயே கொடுத்தனுப்பினேன். நீ அப்போது எதைக் கண்டாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை. ஸ்டோலேயைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்தேனே, அந்தச் சுளிப்பு இப்போது என் முகத்தில்தான் நிற்கிறது, கழுவினாலும் போகவில்லை.

சரி, கை வலிக்கிறது, முடிக்கிறேன். கடவுள் உன் கூடவே இருக்கட்டும், கடல் உன்னிடம் பதமாக நடந்துகொள்ளட்டும், நல்ல சாப்பாடும் நல்ல சிநேகிதமும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும். மீன் கூண்டுகளின் மேல் நடக்கும்போது மிதவைச் சட்டையின் பட்டையை இறுக்கிக் கட்டு, கட்டினேன் என்று பொய் சொல்லாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒன்று. அந்தத் திமிங்கிலப் புத்தகம் யார் வாரத்தில் தொலைந்தது என்று அந்த வசந்தம் முழுக்க உன்னிடம் கேட்டேன். அதை நீ எங்கே வைத்திருந்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்தத் தடவை “ம்” என்று சொல்லாமல் எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா,
ஸோல்ஃப்ரிட்