பெயர் மட்டும் இருக்கும் பாட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விடிந்ததும் ஆண்டவனிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பையே பற்ற வைக்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதற்காக நீ பயப்படவும் வேண்டாம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. பயலுக்குப் பல் முளைக்கும்போது உடம்பு சுடும், பதறாதே, நீயும் அப்படித்தான் என்னைப் படுத்தி எடுத்தாய். கீழ்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தாள். தம்பி கை சுருக்கக் கொடுத்த சட்டை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை, எனக்குக் கேட்க வாய் வரவில்லை, அது அங்கேயே இருக்கட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதையும் அப்பா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவார், மெசேஜ் வந்தாலும் முதலில் படிப்பது அவர்தான். இது அவர் இல்லாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம். பயலைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

ஒவ்வொரு ஞாயிறும் நீ போனில் தம்பியின் அந்தப் பாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்கிறாய். கேட்பதில் தப்பே இல்லை, எட்டு டிராக்கும் நிரம்பிவிட்டது, எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸ் பண்ணி அனுப்புகிறேன் அக்கா என்று தம்பியே உன்னிடம் சொன்னதுதானே. அவன் சொன்னது நிஜம். அதற்கு முந்தைய வாரங்களில் பதிந்தது எதுவும் பிடிக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உன்னிடம் அப்படிச் சொன்ன அன்று ஒரே நாளில் புதிதாகப் பதிந்தான். பாட்டுப் பதிகிற அந்த மெஷினை நீ போட்டோவில்தான் பார்த்திருப்பாய், டிபன் டப்பா அளவு, ஏற்றி இறக்க வரிசையாகக் குமிழ்கள். கம்ப்யூட்டரிலேயே பதியலாமேடா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, ஆபீசில் நாள் முழுக்க அதன் மூஞ்சியைத்தானே பார்க்கிறேன், வீட்டுக்கு வந்தும் அதனிடமே பாட வேண்டுமா என்றான். அன்று படுக்கையறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, முதலில் கிடாரை ஒரு டிராக்கில் பதிந்தான், அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதன்மேல் இன்னொரு கிடார், பிறகு என் பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான். அப்பாவையும் விடவில்லை, கைதட்ட உட்கார வைத்துவிட்டான். அப்பாவுக்குத் தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. "அப்பா, பாட்டு நடந்து வருது, நீங்க ஏன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறீங்க?" என்றான். "பாட்டைக் கொஞ்சம் வேகமா வரச் சொல்லுடா" என்றார் அவர். நான் சிரித்துவிட்டேன், அதனால் மறுபடி முதலிலிருந்து. கடைசியாகப் பாடினான். இசையெல்லாம் அவன் காதுக்குள்தான் இருந்தது, வெளியே நின்ற எங்களுக்கு அவன் வெறுங்குரல் மட்டும் கேட்டது.

முடித்ததும், ஹெட்போன் வயர் கரகரக்கிறது, இதை வைத்துக்கொண்டு மிக்ஸ் பண்ண முடியாது, கடைக்குப் போய் வந்துவிடுகிறேன், மெஷினைத் தொடாதீர்கள் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் தொடவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் போன் வந்தது.

அப்பாவின் பழக்கம் உனக்குத் தெரியும். மீட்டர் கணக்கெடுக்கப் போன இடத்தில், இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் போனவர்கள் வீடு எரிந்து கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து, வீட்டைப் பூட்டினால் மெயின் சுவிட்சை இறக்காமல் படி இறங்க மாட்டார். பிரிட்ஜில் பால் கெட்டுப் போகிறது என்று நான் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். அன்று செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டுதான் ஓடினார், ஆனால் வாசலைத் தாண்டும்போது கை தானாக மேலே போய் மெயினை இறக்கிவிட்டது. அவருக்கே அது தெரிந்திருக்காது. நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்த்தேன். அப்போது எனக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

அவன் காரியமெல்லாம் முடிந்து நீ பாட்டைக் கேட்க ஆரம்பித்த பிறகு, மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் பள்ளிக்கூடப் பாடங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ்தான், பக்கத்தில் அகராதி. கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருந்தது. அதன் பொத்தானை அழுத்தித்தான் அணைக்க வேண்டுமாம், சேமித்துவிட்டேன் என்று அது காட்டிய பிறகுதான் கரண்டை எடுக்கலாமாம், நடுவில் போனால் அதுவரை செய்தது நிற்காதாம். அவனுடைய பழைய பாட்டெல்லாம் பத்திரமாக இருக்கிறது. உன் பாட்டும் பட்டியலில் இருக்கிறது, அக்கா என்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்திருக்கிறான். அழுத்தினால் நேரம் ஓடுகிறது. எட்டுக் குமிழையும் மேலே ஏற்றி வைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லையம்மா.

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற நப்பாசையில், அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியாம்மா? போன மாசமே இதோட வந்தாரே. நடுவுல கரண்டு போயி பதிவாகாததை எங்கேருந்து எடுக்கிறதுன்னு அவர்கிட்ட சொன்னேன். அம்மாவுக்குத் தெரிய வேணாம், தேடிக்கிட்டு இருக்கேன்னே சொல்லிக்கிறேன்னாரு. நான்தான் உளறிட்டேன் போல."

வீட்டுக்கு வந்து மெஷினை இருந்த இடத்திலேயே வைத்தேன். வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கொஞ்ச நாளாக ஆளில்லாத அறையிலும் விளக்கு எரிகிறது, கரண்டு பில் ஏறியதைக் கணக்கில் எழுதும்போது, பாவம், வயதாகிவிட்டது, மறக்கிறார் என்று நினைத்தேன். வெளியே கிளம்பினால் என்னைப் பூட்டச் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறார். சுவிட்சின் பக்கம் கை போவதே இல்லை. சாயங்காலம் ஆனால் மட்டும் மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தேட வேண்டியது பாக்கி இருக்கிறது என்பார். தேடுங்கள், அவசரமில்லை என்பேன் நான். இரண்டு பேருக்கும் தெரியும். காலையில் ஆண்டவன் முன்னால் நிற்கும்போது இதை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போகிறேன், அவனுக்குத் தெரியாததா.

அவர்மேல் உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்பாய். வந்தது. கடையிலிருந்து வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அறை வாசலில் நின்று பார்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் இல்லாத அந்தப் பாட்டை ஓடவிட்டு, சத்தம் வராமல் கை தட்டிக்கொண்டிருந்தார். ஓடவில்லை, நிதானமாக, அவன் சொன்ன மாதிரியே. அதற்கு மேல் எனக்குக் கோபம் எங்கே நிற்கும்.

அதனால் ஒன்று கேட்கிறேன், செய். இனிமேல் பாட்டைக் கேட்காதே என்று சொல்ல வரவில்லை. நீ திடீரென்று கேட்பதை நிறுத்தினால், மகள் வெறுத்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்வார். பாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும், தேட வேண்டாம் அப்பா, எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை என்று நீயே சொல்லிவிடு. நான் சொல்லலாம்தான். சொன்னால், அன்று பின்னால் நின்று நான் பார்த்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும், பிறகு என் எதிரில் உட்கார்ந்து சோற்றில் கை வைக்க மாட்டார். நீ எட்ட இருக்கிறாய், போனில் உன் முகம் அவருக்குத் தெரியாது, அது இப்போது உதவட்டும். யார் சொன்னது என்று கேட்டால் கடைக்காரர் என்று சொல். அவர் நம்பரைத் தனிச்சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், நிஜமாகவே ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுவிடு, அப்போது அது பொய்யாகாது.

அடுத்த ஞாயிறு நீ கூப்பிடும் நேரத்துக்கு நான் தையல்காரம்மா வீட்டில் இருப்பேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினால் பிரிப்பது அவர்தான். ஆண்டவன் உன்னையும் உன் வீட்டையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், பயலுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே கண்ணு. அப்பாவிடம் சொல்லும்போது நீ அழக்கூடாது. நீ அழுதால் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், அவர் இன்னும் ஒரு தடவைகூட அழவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா