மதினியின் தனிக் கார்டு

மதினி,

இன்று செட்டியார்பட்டி பள்ளிக்கூடத்தில் முகாம். மகளிர் உதவித்தொகையில் விடுபட்டவர்கள் மனுக் கொடுக்கும் முகாம். காலை ஒன்பது மணிக்கு மனு எழுதிக் கொடுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள், மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். நடுவில் ஒரு அம்மாவுக்குக் கைரேகை விழவில்லை. வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்து வழுவழுவென்று ஆகிப்போன பெருவிரல். நான்கு தடவை வைத்துப் பார்த்தும் மெஷின் ஏற்கவில்லை. பையில் வைத்திருந்த எலுமிச்சை மூடியை எடுத்து அந்த விரலில் தேய்த்து, முந்தானையால் துடைத்து, அழுத்தி வைத்தேன். விழுந்துவிட்டது. அந்த அம்மா போன பிறகும் என் கையில் எலுமிச்சை மணம் நின்றது. உங்கள் கை எப்போதும் அப்படித்தான் மணக்கும். வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றதால் அழ நேரமில்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்த பிறகும் மணம் போகவில்லை. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கொரோனா காலத்தில் நீங்கள் வேலை பார்த்த நூல் மில்லைச் சில மாதம் மூடிவைத்தார்கள். எனக்கும் தைக்கத் துணி வரவில்லை. ரேஷன் கடையில் நிவாரணத் தொகை தருவார்கள் என்று டிவியில் சொன்ன அன்று ராஜபாளையத்தில் நம் தெருவில் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. "வாங்குனா பொறவு வட்டியோட கேப்பாகளாமே" என்று ஒருத்தி. "பேங்குல இருக்கத எடுத்துக்கிடுவாகளாம்" என்று இன்னொருத்தி. நீங்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசல் வாசலாகப் போய்ச் சொன்னீர்கள்.

"இது கடனும் இல்ல, பிச்சையும் இல்ல. சோப்பு வாங்குனாலும் வரி, பிஸ்கோத்து வாங்குனாலும் வரி. நாம குடுத்ததுதான் திரும்பி வருது. தலை நிமிந்து போய் வாங்குங்க."

எந்தத் தேதியில் யாருக்கு டோக்கன், எந்தக் கார்டுக்கு உண்டு, எதற்குக் கிடையாது, எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். போனில் எவனோ கூப்பிட்டு நிவாரணத்தைக் கணக்கில் போடுகிறேன், ஓடிபி சொல் என்று நாலு வீட்டில் கேட்டபோது, நீங்கள் மறுபடியும் வாசல் வாசலாகப் போனீர்கள். "போன்ல வார நம்பர யாரு கேட்டாலும் சொல்லாதீக. கட்டுன புருசன் கேட்டாலும் சொல்லாதீக." பெண்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

தெருவுக்கே வாங்கிக் கொடுத்த உங்களுக்கு அந்தத் தொகை வரவில்லை. உங்கள் பெயர் என் அண்ணன் கார்டில் இருந்தது. அண்ணனோ உங்களை விட்டுவிட்டு ஐந்து வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொருத்தியோடு இருந்தான். மாதா மாதம் உங்கள் பங்கு அரிசி அந்த வீட்டு உலையில்தான் வெந்தது. நீங்கள் கடையில் விலைக்கு அரிசி வாங்கிப் பொங்கினீர்கள்.

அண்ணன் நிவாரணம் வாங்கிய மறுநாள் நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்களிடம் சொல்லாமல்தான் போனேன். ஐந்நூறு ரூபாயை என் கையில் திணித்தான். "மதினிக்கும் ஏதாச்சும் குடுண்ணே" என்றேன். "அவ பேரக் கார்டுல விட்டு வச்சிருக்கதே நான் அவளுக்குச் செய்யுற மரியாத" என்றான். ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டேன். எனக்கு ஒரே மகள். நாளைக்கு அவள் கல்யாணத்தில் தாய்மாமனாக வந்து நிற்க வேண்டியவன் அவன். அந்த நினைப்பு என் வாயைக் கட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் அந்த ரூபாயில் வாங்கிய மிளகாயை அரைத்துத்தான் குழம்பு வைத்தேன். உங்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தேன். வாங்கிக்கொண்டு கேட்டீர்கள்.

"செல்வி, உங்க அண்ணன் நிவாரணம் வாங்கிட்டாகளா?"

"தெரியலையே மதினி."

"சரி" என்றீர்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள்.

மகளிர் உதவித்தொகை அறிவித்தபோது எல்லாம் தலைகீழானது. கார்டுக்கு ஒரு பெண், அதுவும் குடும்பத் தலைவி. அண்ணன் கார்டில் தலைவி நீங்கள்தானே? கூட இருந்தவளுக்கு அந்தக் கார்டில் பெயரே இல்லை. உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று அண்ணன் ஆலாய்ப் பறந்தான். கம்ப்யூட்டர் சென்டரில், உங்கள் போனுக்கு ஒரு எண் வரும், அது வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டான். "நீ கேட்டா குடுத்துருவா. வாங்கிச் சொல்லு. ஒம் மக கல்யாணத்துக்கு அஞ்சு பவுன் போடுதேன்."

நான் வந்தேன், மதினி. அதை மறைத்து எழுத இப்போது எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். சுற்றி வளைத்துப் பேசினேன். உங்கள் போனில் மெசேஜ் வந்து விழுந்த சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"இது அவிய கேக்குததா, நீ கேக்குததா?"

உட்கார்ந்து அழுதேன். நிவாரணத்தையும் ஐந்நூறு ரூபாயையும் குழம்பையும் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே நீங்கள் கீரையை ஆய்ந்து முடித்தீர்கள்.

"அன்னைக்கே தெரியும். நீ பொய் சொன்னா ஒங் கழுத்து செவந்துரும்" என்றீர்கள். "எந்திரி. மூஞ்சியக் கழுவு. எனக்கு அந்தக் கார்டுல பேரு வேண்டாம். ஆனா நம்பரும் சொல்ல மாட்டேன். நாளைக்குத் தாலுகா ஆபீசுக்குப் போவோம். ஆபீசர் முன்னால நானே எம் பேர எடுக்கச் சொல்லுதேன். அங்கனயே தனிக் கார்டுக்கும் எழுதிக் குடுக்கேன். நீ கூட வந்து சாட்சிக் கையெழுத்துப் போடு."

"நானா மதினி?"

"ஊருல யாரு போட்டாலும் பொய்யும்பான். கூடப் பெறந்தவ போட்டா என்ன சொல்வான்?"

அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஆனாலும் மறுநாள் பஸ் ஏறினேன். என் அண்ணன் எட்டு வருஷமாக உங்களோடு இல்லை என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பத்தில் 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று ஒரு கட்டம். அதில் டிக் போடச் சொன்னார்கள். பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்தீர்கள். "கைவிட்டவன் இவன்னு எழுத ஒரு கட்டமும் இல்லையே, செல்வி" என்றீர்கள். பிறகு டிக் போட்டீர்கள்.

அண்ணன் அன்றோடு என்னை விட்டான். "எனக்குத் தங்கச்சி இல்ல" என்று போனில் சொன்னதுதான் கடைசி.

தனிக் கார்டு வருவதற்குள் முதல் முகாம் முடிந்துவிட்டது; அடுத்த முகாமில் மனுக் கொடுத்தோம். விசாரணைக்கு வந்தவர் உங்கள் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், பக்கத்து வீட்டில் கேட்டார், கொடியில் ஆம்பிளை வேட்டி காய்கிறதா என்று பார்த்தார். மனு தள்ளுபடி ஆனது. மேல்முறையீடு போட்டோம். மில்லில் அரை நாள் லீவு, பஸ், வரிசை, வெயில், "அடுத்த வாரம் வாங்க". மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி மனுவும் கையுமாக அதே வரிசையில் முழித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் நீங்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தீர்கள். "உங்களுக்கே வரல, அவளுக்கு என்னத்துக்கு?" என்று எரிச்சலில் கேட்டேன். "எழுதத் தெரிஞ்சு போச்சே, என்ன செய்ய?" என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தில் இருந்த அலுப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

கடைசியில் பணம் வந்தது. முதல் மாதப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்று தெருவே கேட்டது. சேலையா, கம்மலா? என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். "ஒரு நாள் மில்லுக்குப் போகல. கதவச் சாத்திட்டு ஒறங்குனேன். கூலி போச்சேன்னு நெனைக்காம ஒறங்குனது கல்யாணத்துக்குப் பொறவு அன்னைக்குத்தான்."

அப்படி எத்தனை நாள் உறங்கக் கிடைத்தது உங்களுக்கு? வருஷம் திரும்பவில்லை. மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள். உங்களைத் தூக்குகிற அன்று அண்ணன் வந்தான். தெருமுனை வரைக்கும் வந்து நின்றான், போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து உங்கள் கார்டைத் தாலுகா ஆபீசில் ஒப்படைக்க நான்தான் போனேன். ஒரே ஒரு பெயர் இருந்த கார்டு. அங்கே இருந்த சின்னப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இறந்தவுகளுக்கு நீங்க என்ன ஒறவு?"

"நாத்தனார்."

"அப்ப அவுக வீட்டுக்காரர் எங்க? அவரு வந்து குடுக்கலாமே."

எட்டு வருஷத்தையும் அந்தக் கவுண்டரில் மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை, மதினி. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. காகிதத்தை வாங்கி, உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் ஆதாரம் கேட்கவில்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.

வருகிற ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாமன் சீருக்கு யார் வருவது என்று சம்பந்தி வீட்டில் இப்போதே கேட்கிறார்கள். அதற்கு நடுவில் இந்த முகாம்கள். "நீ எதுக்குடி அலையுத, ஒனக்கென்ன சம்பளமா தாராக?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். நாளைக்குச் சோழபுரம். கணவன் கார்டில் பெயர் மாட்டிக்கொண்ட ஒருத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து முதலிலிருந்து எழுத வேண்டும். கால் வீங்கியிருக்கிறது. போக வேண்டாம் என்றுதான் உடம்பு சொல்கிறது. ஆனால் அன்று 'தங்கை' என்று எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடக் கூடாதே. ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

செல்வி